பதினோராம் விதிக்கு ஓர் உதாரணம்

அண்ணன் வீட்டின் பின்னறையில், துணி காயப்போடும் கொடிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இஸ்திரி மேசைதான் அவளுடைய அலுவலகம். அண்ணி துணி தேய்க்க வந்தால் கணினியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்துக்கு நகர்ந்துவிடுவாள். தேய்த்து முடிந்ததும் மேசை கதகதப்பாகத் திரும்பக் கிடைக்கும். பதினோரு மாதமாக இப்படித்தான் நடக்கிறது.

யார் வேண்டுமானாலும் கட்டுரை எழுதிப் போடலாம் என்று சொல்லும் ஒரு இணையதளம். வருகிறதை எல்லாம் அப்படியே போட்டுவிட முடியுமா? படித்துப் பார்த்து, போகலாம், போகக்கூடாது என்று சொல்ல ஆட்கள் உண்டு. வீட்டுச் சாமான்கள் பகுதி இவளுடையது. துவைக்கும் இயந்திரம், மிக்ஸி, மின்விசிறி, தண்ணீர் சூடாக்கும் கருவி என்று ஒரு நாளைக்கு நாற்பது கட்டுரை கண் முன்னால் ஓடும். ஒவ்வொன்றின் அடியிலும் பத்துக் கேள்விகள். நோய்க்கு மருந்து சொல்கிறதா? கோர்ட், வழக்கு பேசுகிறதா? கம்பெனி பெயரைச் சொல்லித் திட்டுகிறதா? உயிரோடு இருக்கிற யாருடைய சொந்த விஷயத்தையாவது கிளறுகிறதா? பத்துக்கும் 'இல்லை' என்று குறி போட்டால் கட்டுரை ஊர் பார்க்கக் கிளம்பிவிடும்.

செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அவள் எட்டு மணிக்கே உட்கார்ந்துவிடுவாள்.

"இன்னிக்குச் செவ்வாய்க்கிழமையா?" என்று அண்ணி தேய்க்கிற துணிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே கேட்டாள். "தலை சீவியிருக்கியேன்னு பார்த்தேன். ஏம்மா, அந்தக் கம்ப்யூட்டருக்குக் கண்ணு தெரியுமா?"

"சும்மா இருங்க அண்ணி."

"நான் சும்மாதான் இருக்கேன். நீங்க ரெண்டு பேரும்தான் சும்மா இருக்காம, கட்டின புருஷனும் பொண்டாட்டியும் பிரிட்ஜ் வழியா பேசிக்கிறீங்க."

செவ்வாய்க்கிழமைகளில் 'குளிர்ப்பெட்டிக்காரன்' எழுதுவான். அவள் கணவன். பிரிட்ஜ், ஏசி ரிப்பேர் செய்கிறவன். அந்தப் புனைபெயரை வைத்ததே அவள்தான். கல்யாணமான புதிதில், வேலை முடிந்து வந்து அவன் கைகழுவியபடி சொல்லச் சொல்ல, அவள் சமையலறை மேடையில் கணினியை வைத்து அடித்துக்கொண்டே வருவாள். பின்பக்கக் கம்பிச் சுருளில் தூசி சேர்ந்தால் என்ன ஆகும், கதவு ரப்பர் இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துச் சோதிப்பது எப்படி. அவனுக்கு விஷயம் தெரியும், இவளுக்கு வாக்கியம் தெரியும். "எழுத்தம்மா, நான் சொன்னதையே நீ சொன்னா மட்டும் எப்படி அழகாயிடுது?" என்பான். அந்தக் கட்டுரைகளைப் பார்த்துத்தான் தளத்தார் இவளுக்கு வேலையே கொடுத்தார்கள்.

பிறகு அந்த நாள் வந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். "உடனே கிளம்பி வாங்க" என்று அண்ணன் போன் செய்தபோது, வண்டி கணவனிடம் இருந்தது. அவன் ஒரு சின்ன கிளினிக்கில், குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசி வைத்திருந்த பிரிட்ஜின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். சூடு ஏறிக்கொண்டே போயிற்று. இன்னும் அரை மணியில் சரிசெய்யாவிட்டால் அத்தனை மருந்தும் குப்பைதான். வேலை செய்யும்போது போனைப் பையில் போட்டுவிடுவது அவன் வழக்கம். பதினான்கு முறை அடித்தாள். கடைசியில் வாடகை வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, அப்பாவின் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள்.

"உங்க குரலே இனிமே என் காதுல விழக்கூடாது" என்று அவள் சொன்னது அன்றைக்குத்தான். கோபத்தில் ஆயிரம் சொல்வோம். ஆனால் அவன் சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிற ஜாதி. நாலு நாள் கழித்து வந்து பார் என்று சொன்னால், நாலாம் நாள் வாசலில் நிற்பான், மூன்றாம் நாள் எட்டிப் பார்க்கமாட்டான். குரல் விழக்கூடாது என்றாள் அல்லவா? ஒரு போன் கிடையாது.

அண்ணன் வேறு, "அவன் வந்து கூப்பிடட்டும். அதுவரைக்கும் நீ அசையக் கூடாது" என்று தாழ்ப்பாள் போட்டுவிட்டான். அவளும் அசையவில்லை. ஒரு வகையில் அவளுக்கும் அதுவே சௌகரியமாக இருந்தது. போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் ஆஸ்பத்திரி வந்துவிடும். வந்தால் எங்கே போய் முடியும் என்று இருவருக்கும் தெரியும்.

பிரிந்து மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை, அவள் வரிசையில் ஒரு கட்டுரை வந்து நின்றது. 'உறைபெட்டியில் பனி கட்டிவிட்டதா?' எழுத்துப் பிழை மலிந்த கட்டுரை. அவனே ஒற்றை விரலால் அடித்திருக்கிறான். கடைசிப் பத்தியில் இருந்தது அந்த வரி: "பனியைக் கத்தி வைத்துச் சுரண்டாதீர்கள். எங்கள் வீட்டில் ஒருவர் அப்படிச் சுரண்டி ஓட்டை போட்டார். அன்றைக்கு நான் அவ்வளவு கோபப்பட்டிருக்க வேண்டாம்."

ஓட்டை போட்டவள் அவள்தான். மூன்று முறை படித்தாள். பிறகு பிழைகளைத் திருத்தி, கடைசி இரண்டு வாக்கியங்களை வெட்டி, வெளியிட்டாள். அப்படியே விட்டு மேலிடத்துக் கண்ணில் பட்டால், சொந்த விஷயம் என்று அவனுக்கு எச்சரிக்கை போகும். மூன்று எச்சரிக்கை வந்தால் கணக்கையே மூடிவிடுவார்கள். அப்புறம் செவ்வாய்க்கிழமை ஏது?

வரி காணாமல் போனதைப் பார்த்து அவன் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பகுதியை யார் பார்க்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். வெட்டியிருக்கிறாள் என்றால் படித்திருக்கிறாள். அடுத்த வாரம் இன்னொன்று எழுதினான். "பிரிட்ஜ் நின்று நின்று ஓடும் சத்தம் சிலருக்குத் தொந்தரவாக இருக்கலாம். ஆள் இல்லாத வீட்டில் அது ஒரு துணை." அவள் வெட்டினாள். இன்னொன்று. வெட்டினாள். ஒரு நோட்டில் அத்தனையையும் தேதி போட்டு எழுதி வைத்திருந்தாள். காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள்கூட இத்தனை கடிதம் எழுதியிருக்க மாட்டார்கள். இவர்களோ பெரியவர்கள் பார்த்துச் செய்து வைத்தவர்கள். இப்போதுதான் காதலிக்கிறார்களோ என்று அவளுக்கே சில சமயம் வெட்கமாக வரும்.

அவள் காத்திருந்தது ஒரே ஒரு சொல்லுக்கு. 'வா' என்று எங்காவது எழுதிவிட்டால் போதும், அன்றைக்கே பெட்டியைக் கட்டிவிடுவது என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தாள். அண்ணனிடம் என்ன சொல்வது என்பதுகூடத் தயாராக இருந்தது.

பத்தாவது மாதம் 'பிரிட்ஜ் கதவில் எதை எங்கே வைப்பது' என்ற கட்டுரை வந்தது. அதன் முடிவில்: "கதவின் நடுத் தட்டில் உன் நகப்பூச்சு பாட்டில்கள் மூன்றும் அப்படியே இருக்கின்றன. ஒன்றும் கெட்டுப்போகவில்லை."

முதல் முறையாக 'உன்' என்று எழுதியிருந்தான். 'ஒருவர்' போய் 'நீ' வந்துவிட்டது. இனி 'வா' வருவதற்கு எத்தனை தூரம்?

"என்னம்மா, கண்ணு கலங்குது?" என்றாள் அண்ணி.

"தூசி."

"பின்பக்கக் கம்பிச் சுருள்ல இருந்து வந்த தூசியா?"

அவள் சிரித்துவிட்டாள். அந்த வரியையும் வெட்டினாள். நோட்டில் எழுதினாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து மேலாளர் போனில் கூப்பிட்டார். வெட்டுவதில் அவருக்கு இருந்த ஆசையைப் பார்த்து, முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைக் கத்தரி சார் என்பார்கள்.

"மேடம், உங்க 'எழுதக் கூடாத தலைப்புகள்' பக்கம் இருக்கே, நம்ம தளத்துலயே அதிகம் பேர் படிக்கிறது அதுதான்" என்றார். புதிதாக எழுத வருகிறவர்களுக்காக, அவள் வேலைக்குச் சேர்ந்த மாதத்தில் எழுதிக் கொடுத்த பக்கம் அது. பத்து விதிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம். "இன்னும் ஒண்ணு சேருங்க. ஒருத்தருக்கு மட்டும் எழுதற விஷயம் கூடாது. சைக்கிள் கட்டுரையில பிறந்தநாள் வாழ்த்து சொல்றான் ஒருத்தன். குழம்புக் கட்டுரையில ஒருத்தி மாமியாரைத் திட்டறா. படிக்கிறவன் என்ன பாவம் பண்ணான்? மத்தியானத்துக்குள்ள வேணும். உதாரணம் இல்லாம விதி போடாதீங்க, ஒருத்தனுக்கும் மண்டையில ஏறாது."

சரி என்று உட்கார்ந்தாள். 'பதினொன்று: தனி ஒருவருக்கான செய்தியைக் கட்டுரையில் எழுதாதீர்கள்.' உதாரணத்துக்கு அந்தப் பிறந்தநாள் வாழ்த்தையே போட்டாள். போட்டுவிட்டுப் பார்த்தபோது, நோட்டு பக்கத்தில் திறந்து கிடந்தது.

முப்பத்தெட்டு வரிகள். முப்பத்தெட்டையும் அவள் கையாலேயே வெட்டியிருக்கிறாள். ஒன்றாவது எங்காவது இருக்கக் கூடாதா? இந்தப் பக்கத்தில் கை வைக்க யாரும் வரமாட்டார்கள். தளம் இருக்கிறவரை இருக்கும். இங்கே வைத்துவிட்டால் இதை வெட்ட யாராலும், அவளாலும்கூட, முடியாது. சின்னப் பெண் மாதிரி, பூவைப் புத்தகத்துக்குள் வைத்து மூடுகிற மாதிரி, பிறந்தநாள் வாழ்த்தை எடுத்துவிட்டு அவள் அடித்தாள்:

'உதாரணமாக, "கதவின் நடுத் தட்டில் உன் நகப்பூச்சு பாட்டில்கள் மூன்றும் அப்படியே இருக்கின்றன. ஒன்றும் கெட்டுப்போகவில்லை" போன்ற வரிகள் படிப்பவருக்கு எந்த வகையிலும் பயன்படாதவை. இவற்றைத் தவிர்க்கவும்.'

'பயன்படாதவை', 'தவிர்க்கவும்' என்பதெல்லாம் எல்லா விதிகளின் அடியிலும் வருவதுதான். பழக்கத்தில் விரல் தானாகவே அடித்துவிட்டது. அனுப்பிவிட்டு எழுந்து போய் முகம் கழுவினாள். அன்று முழுக்க மனசு லேசாக இருந்தது. வெண்டைக்காய் நறுக்கிக் கொடுத்தாள், அண்ணிக்கு.

அடுத்த செவ்வாய்க்கிழமை வந்த கட்டுரை, பிரிட்ஜை வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள் என்பது. கடைசிப் பத்திக்கு ஓடினாள். 'இவ்வாறு செய்தால் மின்செலவு குறையும்' என்று முடிந்திருந்தது. அவ்வளவுதான். வேலை அதிகமாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அதற்கடுத்த வாரம் மின்னழுத்தம் ஏறி இறங்குவது பற்றி. அதிலும் இல்லை. எழுத்துப் பிழைகூடக் குறைந்திருந்தது. மூன்றாவது வாரம் கட்டுரையைப் பின்னாலிருந்து முன்னாலும், முன்னாலிருந்து பின்னாலும் படித்தாள். வெட்டுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. விதிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினவன் மாதிரி, பதினொன்றையும் ஒன்று விடாமல் கடைப்பிடித்திருந்தான்.

நாலாவது வாரம், திங்கட்கிழமை பார்சல் வந்தது. ஏசி குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு நுரையில் சுற்றி, வெள்ளை டேப் ஒட்டி, மூன்று நகப்பூச்சு பாட்டில்கள். ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லை.

அண்ணி ஊதா நிற பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். கேலி எதுவும் அவள் வாயில் வரவில்லை. "போன் பண்ணு" என்றாள்.

"அண்ணன்..."

"உங்க அண்ணனை நான் பார்த்துக்கறேன். குரல் விழக்கூடாதுன்னு சொன்னது நீ. விழட்டும்னும் நீதான் சொல்லணும். பண்ணு முதல்ல."

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"ஹலோ."

"நான்தான்."

"தெரியுது. பார்சல் வந்துச்சா? உடையாம இருக்கா?"

"இருக்கு."

"ஊதா கலர் மூடி கொஞ்சம் இறுகிப்போச்சு. வெந்நீர்ல ஒரு நிமிஷம் காட்டு, திறந்துக்கும்."

பதினோரு மாதம் கழித்துக் கேட்கிற குரல் மூடி திறப்பது எப்படி என்று சொன்னது.

"ஏங்க அனுப்புனீங்க?"

"உன்னோடதுதானே."

"அந்தப் பக்கத்தைப் படிச்சீங்களா?"

"படிச்சேன். நல்லா எழுதியிருந்த. யாருக்கும் புரியற மாதிரி."

"என்னங்க, அது உங்களைக் குத்திக்காட்ட எழுதினது இல்ல. உங்க வரி எல்லாத்தையும் என் கையாலயே வெட்டினேன். இது ஒண்ணாவது அழியாம இருக்கட்டும்னு அங்க கொண்டுபோய் வெச்சேன். சத்தியமா அதுக்குத்தான்."

அந்தப் பக்கம் டேப் கிழிக்கும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"அப்படியா?" என்றான். மறுபடியும், "அப்படியா?" என்றான்.

"நம்புங்க."

"நம்பறேன். நீ பொய் சொல்ல மாட்ட." மூச்சை இழுத்துவிட்டான். "எனக்கு அதைக் காட்டினது நம்ம பார்ட்ஸ் கடைக்காரர். நான் எழுதினதுன்னு அவருக்குத் தெரியாது. 'பாருய்யா, பிரிட்ஜ் பத்தி எழுதச் சொன்னா எவனோ பொண்டாட்டிக்குக் கடுதாசி எழுதியிருக்கான்'னு சத்தமா வாசிச்சார். கடையில நாலு பேர் இருந்தாங்க. விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நானும் சிரிச்சேன்."

"என்னங்க..."

"சிரிச்சுட்டேன் எழுத்தம்மா. நான் மட்டும் சும்மா நின்னா தெரிஞ்சுபோயிடுமேன்னு. அவங்களைவிடப் பலமா சிரிச்சேன். அதுக்கப்புறம் எழுத உக்காந்தா வரமாட்டேங்குது. எதை எழுதினாலும் அவர் வாசிக்கிற மாதிரியே கேக்குது."

"நான் வரேன். இன்னிக்கே கிளம்பி வரேன்."

"எங்க வருவ? வீட்டைக் காலி பண்ணிட்டிருக்கேன். மீன் பிடிக்கிற பெரிய கப்பல்ல, குளிர் அறைக்கு மெக்கானிக் வேலை. ரெண்டு வருஷம். வெள்ளிக்கிழமை ஏறணும்."

"வேண்டாம்னு சொல்ல முடியாதா?"

உடனே முடியாது என்று சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் பொய் சொல்லத் தெரியாதவன்.

"கேட்டா விட்டுடுவாங்கன்னுதான் நினைக்கிறேன்" என்றான். "ஆனா நான் கேக்கல."

"ஏன்?"

"அன்னிக்கு நான் அந்த பிரிட்ஜைப் பாதியில விட்டுட்டு வந்திருக்கணுமான்னு தினமும் யோசிக்கிறேன். தினமும் இல்லைன்னுதான் தோணுது. உன் கோபமும் சரின்னுதான் தோணுது. ரெண்டும் சரின்னா, என்ன பண்றது சொல்லு? ஒவ்வொரு வரியா எழுதிட்டு இருந்தவரைக்கும் அதைப் பத்தி யோசிக்காம தள்ளிட்டு வந்தேன். அது நின்னதும் எல்லாம் முன்னால வந்து நிக்குது."

நீங்க செய்தது சரி என்று சொல்லிவிட வேண்டும் என்று அவள் வாயைத் திறந்தாள். துணி மூடிய முகம் வந்து குறுக்கே நின்றது. சொல் வரவில்லை. அவனும் அதற்காகத்தான் காத்திருந்தானோ என்னவோ, கொஞ்ச நேரம் லைனிலேயே இருந்தான்.

"சரி. நாளைக்குச் செவ்வாய்க்கிழமை" என்றான் கடைசியில். "ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன். அனுப்பறேன். நீ வெட்ட வேண்டியிருக்காது."

போனை வைத்துவிட்டு அவள் நேராகக் கத்தரி சாரைக் கூப்பிட்டாள். பதினோராம் விதியின் உதாரணத்தை மாற்ற வேண்டும் என்றாள்.

"ஐயையோ, அதைத் தொடாதீங்க மேடம்" என்று அவர் பதறினார். "அந்தப் பக்கத்துலயே ஜனங்களுக்குப் பிடிச்சது அதுதான். எத்தனை பேர் பகிர்ந்திருக்காங்க தெரியுமா? எப்படி மேடம் தோணுச்சு உங்களுக்கு, நகப்பூச்சு! இனிமே யார் கேட்டாலும் மாத்தறதா இல்ல."

மறுநாள் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தாள். எட்டரைக்குக் கட்டுரை வந்தது. 'நெடுநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்கள் பிரிட்ஜை என்ன செய்ய வேண்டும்?'

மின் இணைப்பைத் துண்டிக்கவும். எல்லாத் தட்டுகளையும் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவவும். ஈரம் போக ஒரு நாள் உலர விடவும். கதவுத் தட்டுகளில் சின்னச் சின்னப் பொருள்கள் மறந்து தங்கிவிடும், அவற்றை முதலில் அப்புறப்படுத்தவும். எக்காரணம் கொண்டும் கதவை மூடிவிட்டுப் போகாதீர்கள். இடையில் ஒரு மரத்துண்டை வைத்துத் திறந்தே விடவும். மூடினால் உள்ளே நாற்றம் பிடித்துவிடும், பிறகு என்ன செய்தாலும் போகாது.

பிழையே இல்லை. ஒவ்வொரு வாக்கியமும் ஊரில் உள்ள எல்லோருக்குமானது. கதவுத் தட்டு என்ற இடத்தில் அவள் கண் நின்றது. நகர்ந்தது. மறுபடி வந்து நின்றது. இதற்குள் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று நான்கு முறை படித்தாள். ஒன்றும் இல்லை. எல்லா பிரிட்ஜ் கதவிலும்தான் தட்டு இருக்கிறது.

அண்ணி கை நிறைய துணியோடு வந்து நின்றாள்.

"எழுதியிருக்காரா?"

"எழுதியிருக்கார்."

"என்னன்னு?"

"கதவை மூடக் கூடாதாம். கட்டையை வெச்சுத் திறந்து விடணுமாம்."

அண்ணியின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. "பின்னே? திறந்துதானே..." என்று ஆரம்பித்தவள், இவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"காலி பண்ணிட்டுப் போற வீட்டுல அண்ணி. எல்லாத்தையும் எடுத்தப்புறம்."

அண்ணி துணிகளைக் கட்டிலில் வைத்துவிட்டு அவள் தோளில் கை வைத்தாள். இவள் கட்டுரையின் அடியில் இருந்த கேள்விகளுக்கு வந்தாள். இப்போது பதினொன்று. மருந்து சொல்கிறதா? இல்லை. வழக்கு? இல்லை. ஒவ்வொன்றாகக் குறி போட்டுக்கொண்டே கீழே இறங்கினாள். பதினொன்று: தனி ஒருவருக்கான செய்தி இருக்கிறதா?

மறுபடி மேலே போய்க் கட்டுரையை ஐந்தாவது முறையாகப் படித்தாள். பிறகு கீழே வந்து, 'இல்லை' என்று குறி போட்டாள்.

கட்டுரை வெளியே போயிற்று. அண்ணி தேய்ப்பதற்காக அவள் கணினியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கட்டில் ஓரத்துக்கு நகர்ந்தாள்.